குவாண்டம் கணினி: வெற்றியும் அளவுகோலும்

நுழையும்முன்

உலகின் மிக வேகமான கணினிகள் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் கணக்கைக் குவாண்டம் கணினி சில நிமிடங்களில் முடித்துவிட்டது என்னும் செய்தி அவ்வப்போது வெளியாகிறது. அச்செய்தியைப் படித்து வியப்பது எளிது. அதில் எவ்வளவு உண்மை உள்ளது என எடைபோடுவது அறிவியல் மனப்பான்மை. குவாண்டம் கணினி எந்தப் பணியில் வெல்கிறது, எதில் வெல்வதில்லை, அந்த வெற்றியை எவ்வாறு அளப்பது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே சாலையில் இருவர்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் டி. கல்லுப்பட்டி. இங்கு 1940ஆம் ஆண்டு காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கப்பட்டது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை இவ்வாசிரமத்தில் கழித்தார். அவர் இலண்டனில் பயிற்சி பெற்ற கணக்குத் தணிக்கையாளர். ஏட்டில் எழுதப்பட்ட தொகை எவ்வளவு பெரியது என்று மலைத்து நிற்பது தணிக்கையாளரின் வேலையன்று. அத்தொகை எப்படி வந்தது, அதற்குச் சான்று உண்டா என்று கேட்பதே அவர் வேலை. பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகத் திகழ்ந்தபோதும், ஒரு கருவி யாருக்குப் பயன்படும், எதற்குப் பயன்படும் என்று கேட்டே அதன் மதிப்பைக் கணித்தார் குமரப்பா.

அதே சாலையில் தெற்கே சென்று, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு வரும். அங்கு 1898ஆம் ஆண்டு பிறந்தவர் இயற்பியல் அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர், கொல்கத்தாவில் சர் சி.வி. இராமனுடன் இணைந்து ஆய்வு செய்தார். 1928ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இராமன் விளைவில் அவருக்கும் பங்கு உண்டு. தூய நீர்மத்தின் வழியே ஒளியைச் செலுத்தும்போது, சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. மூலக்கூறு எந்த அளவிலும் ஆற்றலைப் பெற்றுவிடுவதில்லை. தனக்கென அமைந்த குறிப்பிட்ட அளவுகளிலேயே பெறுகிறது, இழக்கிறது. அந்தக் குறிப்பிட்ட அளவையே 'குவாண்டம்' என்பர். கிருஷ்ணன் பின்னர் 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

ஒருவர் குவாண்டம் இயற்பியலை ஆராய்ந்தவர். மற்றவர் கணக்கைத் தணிக்கை செய்தவர். குவாண்டம் கணினியைப் புரிந்துகொள்ள இவ்விருவரின் பார்வையும் தேவை. 'குவாண்டம் கணினி வென்றது' என்னும் செய்தியைத் தணிக்கை செய்வோர் மூன்று வினாக்களைக் கேட்பர்: எந்தப் பணியில் வென்றது? யாரோடு போட்டியிட்டு வென்றது? அது தரும் விடை சரிதானா எனப் பார்க்க வழி உண்டா? இவற்றுக்கு விடை காணுமுன், அக்கணினி இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

பிட்டும் கியூபிட்டும்

நாம் பயன்படுத்தும் கைப்பேசி, மடிக்கணினி, வங்கியின் பெருங்கணினி ஆகிய அனைத்தும் தரவை 0, 1 என்னும் இரண்டு குறிகளால் எழுதுகின்றன. இக்குறி ஒவ்வொன்றும் 'பிட்' எனப்படும். ஒரு பிட் ஒரு நேரத்தில் 0 ஆக இருக்கும். அல்லது 1 ஆக இருக்கும். விளக்கின் பொத்தானைப் போல இரண்டில் ஒன்றே அதற்கு வாய்க்கும்.

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு 'கியூபிட்'. இது 0, 1 ஆகிய இரு நிலைகளும் கலந்த நிலையில் இருக்க வல்லது. இதனை 'மேற்பொருந்துதல்' என்பர். அக்கலவையில் 0க்கு எவ்வளவு பங்கு, 1க்கு எவ்வளவு பங்கு என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு 'வீச்சு' என்று பெயர். இரண்டு கியூபிட்டுகள் சேர்ந்தால் 00, 01, 10, 11 என நான்கு நிலைகளும் அவற்றுக்குரிய நான்கு வீச்சுகளும் அமையும். மூன்று சேர்ந்தால் எட்டு. ஒவ்வொரு கியூபிட் கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிக்கும்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு எனக் கேட்ட புலவருக்குத் தர அரசனின் களஞ்சியம் போதாமற்போன கதையை அனைவரும் அறிவர். கியூபிட்டின் கணக்கும் அதுவே. 10 கியூபிட்டுகளுக்கு 1,024 வீச்சுகள், 20க்கு 10,48,576, 30க்கு 107 கோடிக்கு மேல், 53 கியூபிட்டுகளுக்கு ஏறத்தாழ 90 கோடி கோடி. இவ்வளவு எண்களையும் ஒரு வழக்கமான கணினியின் நினைவகத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு படியிலும் மாற்றிக்கொண்டே வருவது பெரும்பாடு.

இந்த இடர்ப்பாட்டையே வாய்ப்பாகக் கண்டவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெய்ன்மன். அணுக்களும் மூலக்கூறுகளும் குவாண்டம் விதிகளின்படி நடக்கின்றன. அவற்றைக் கணித்தறிய விரும்பினால் குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணினியையே செய்துகொள்ள வேண்டும் என்று 1981ஆம் ஆண்டு நிகழ்த்திய உரையில் அவர் எடுத்துரைத்தார். குவாண்டம் கணினியின் இயல்பான பணி எது என்பதை இக்கருத்துச் சுட்டுகிறது.

உழவோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். உளுந்து, பாசிப்பயறு போன்ற பயறுச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள நைட்ரசனைச் சாதாரண வெப்பநிலையிலேயே செடிக்கு உணவாக மாற்றுகின்றன. அதே பணியை உரத் தொழிற்சாலை உயர் வெப்பத்திலும் உயர் அழுத்தத்திலும் செய்கிறது. அதற்குப் பெருமளவு எரிபொருள் செலவாகிறது. நுண்ணுயிரியின் நொதி இதனை எவ்வாறு செய்கிறது என்பதை எலக்ட்ரான்களின் அளவில் துல்லியமாகக் கணிப்பது இன்றைய கணினிகளுக்குக் கடினம். எதிர்காலக் குவாண்டம் கணினிகள் இதற்கு உதவக்கூடும் என அறிவியலாளர் எதிர்பார்க்கின்றனர். இது இன்னும் நிறைவேறவில்லை. நிறைவேறினால் பயன்பெறும் இடங்களுள் கரிசல் காட்டு வயலும் ஒன்றாக இருக்கும்.

அலைகளின் கணக்கு

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்ப்பதால்தான் வேகமாக இயங்குகிறது என்று விளக்குவோர் பலர். இவ்விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கியூபிட்டுகளின் கலவையில் எத்தனை கோடி நிலைகள் இருந்தாலும், அளந்து பார்க்கும்போது அவற்றுள் ஒன்றுதான் கிடைக்கும். எந்த நிலையின் வீச்சு பெரிதோ அது கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. வீச்சுகள் அனைத்தும் சமமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுப்பதற்கும் குவாண்டம் கணினியைப் பயன்படுத்துவதற்கும் வேறுபாடு இராது.

வேறுபாட்டை உண்டாக்குவது அலையின் இயல்பு. நிறைந்திருக்கும் கண்மாயில் அருகருகே இரண்டு கற்களை எறிந்தால் இரண்டு அலைவட்டங்கள் விரியும். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் முகடும் சேரும் இடத்தில் நீர் மேலும் உயரும். ஒன்றின் முகடும் மற்றொன்றின் அகடும் சேரும் இடத்தில் நீர் அசைவின்றி நிற்கும். இதுவே இயற்பியல் பாடத்தில் பயிலும் குறுக்கீட்டு விளைவு. கியூபிட்டின் வீச்சும் இவ்வாறே நேர்க்குறியும் எதிர்க்குறியும் கொள்ளும். ஆகவே, தவறான விடைகளின் வீச்சுகள் ஒன்றையொன்று அழிக்கவும், சரியான விடையின் வீச்சுகள் ஒன்றோடொன்று கூடவும் கணக்கை வகுக்க முடியுமானால், அளக்கும்போது சரியான விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

கணக்கைத் தீர்க்கும் படிகளின் வரிசையை 'நெறிமுறை' என்பர். தவறானவை தாமே அழிந்துபோகும்படி அலைகளை அமைக்கும் நெறிமுறை எல்லாக் கணக்குகளுக்கும் கிடைப்பதில்லை. உள்ளே ஓர் ஒழுங்கை ஒளித்து வைத்திருக்கும் சில கணக்குகளுக்கே அது கைகூடுகிறது. குவாண்டம் கணினியின் ஆற்றலும் எல்லையும் இங்கேதான் தோன்றுகின்றன.

முதல் வினா: எந்தப் பணியில்?

89ஐயும் 97ஐயும் பெருக்கினால் 8,633 வரும். தாளும் எழுதுகோலும் இருந்தால் ஒரு நிமிடம் போதும். ஆனால், 8,633ஐக் கொடுத்து அதன் பகாக் காரணிகளைக் கேட்டால் நெடுநேரம் தேட வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாக இவ்விரு வேலைகளுக்கும் இடையேயுள்ள தொலைவு பன்மடங்காகும். 250 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை 2020ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் காரணிப்படுத்தினர். ஒரேயொரு செயலிக் கருவைக் கொண்டு செய்திருந்தால் அதற்கு ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். பல்லாயிரம் கருக்கள் பகிர்ந்துகொண்டதால் சில மாதங்களில் முடிந்தது.

1994ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் ஷோர், காரணிப்படுத்துவதற்கான குவாண்டம் நெறிமுறையைக் கண்டறிந்தார். பெரிய எண்ணின் காரணிகளைத் தேடும் கணக்கினுள், ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வரும் ஓர் ஒழுங்கு மறைந்துள்ளது. அந்த ஒழுங்கை அலைகளின் குறுக்கீட்டு விளைவால் வெளிக்கொணரலாம் என்பதே அவர் கண்டது. இந்நெறிமுறையை முழுமையாக இயக்கவல்ல குவாண்டம் கணினி உருவானால், வழக்கமான கணினிகளால் எட்ட இயலாத எண்களையும் அது காரணிப்படுத்தும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, தேடுதல். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற லவ் குரோவர், பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1996இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டார். ஒழுங்கின்றிக் கலைந்து கிடக்கும் 10 இலட்சம் பதிவுகளுள் ஒன்றைத் தேடுவதாகக் கொள்வோம். வழக்கமான கணினி சராசரியாக 5 இலட்சம் முறை பார்க்க வேண்டும். குரோவரின் நெறிமுறைக்கு ஏறத்தாழ 800 படிகள் போதும். இது வியப்பூட்டும் குறைப்பே.

ஆயினும், தணிக்கை இங்கே முடிவதில்லை. அந்த 10 இலட்சம் பெயர்களும் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், நடுவில் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் வழக்கமான முறையால் 20 படிகளிலேயே பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். மேலும், பட்டியல் முழுவதையும் முதலில் குவாண்டம் கணினிக்குள் ஏற்ற வேண்டுமானால் அதற்கே 10 இலட்சம் படிகள் செலவாகும். எனவே, குரோவரின் முறை எங்கும் பொருந்தும் தேடுபொறி அன்று; விடையைச் சோதித்தறிவது எளிதாகவும் தேடிக் கண்டடைவது அரிதாகவும் உள்ள கணக்குகளுக்கே அது பொருத்தமானது.

மின்கட்டணம் கணக்கிடுதல், நியாயவிலைக் கடையின் இருப்புப் பதிவு, ஊதியப் பட்டியல், படம் பார்த்தல், கடிதம் எழுதுதல் ஆகியவற்றில் குவாண்டம் கணினிக்கு எந்தச் சிறப்பும் இல்லை. டி. கல்லுப்பட்டியின் கடைத்தெருவிலுள்ள சிறு கணினி அப்பணிகளைத் திறம்படச் செய்துகொண்டிருக்கிறது. நாளையும் அதுவே செய்யும். குவாண்டம் கணினி பழைய கணினியின் இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்ததன்று. சில அரிய பணிகளில் அதற்குத் துணையாக நிற்க வந்தது.

இரண்டாம் வினா: யாரோடு போட்டியிட்டு?

குவாண்டம் கணினி ஏதேனும் ஒரு பணியிலாவது எல்லா வழக்கமான கணினிகளையும் விஞ்சும் நிலையைக் குறிக்க, ஜான் பிரெஸ்கில் என்னும் இயற்பியல் அறிஞர் 2012இல் 'குவாண்டம் மேலாதிக்கம்' என்னும் தொடரைப் பயன்படுத்தினார். 2019 அக்டோபரில், கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் அந்நிலையை எட்டியதாக 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். 'சைக்கமோர்' என்னும் சில்லின் 53 கியூபிட்டுகளைக் கொண்டு, தற்செயலாக அமைக்கப்பட்ட குவாண்டம் சுற்றிலிருந்து பத்து இலட்சம் மாதிரிகளை 200 நொடிகளில் எடுத்ததாகவும், அன்றைய முதன்மையான மீக்கணினியான 'சம்மிட்' அதற்கு 10,000 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

'சம்மிட்' கணினியை உருவாக்கிய ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உடனே மறுத்தனர். மீக்கணினியின் நினைவகத்தோடு அதன் வட்டுச் சேமிப்பையும் பயன்படுத்தினால் அதே கணக்கை 2.5 நாள்களில் முடிக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதன்பின் சீன ஆய்வாளர் சிலர், புதிய நெறிமுறை ஒன்றை வகுத்து, 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு ஏறத்தாழ 15 மணி நேரத்தில் அப்பணியைச் செய்து காட்டினர். 10,000 ஆண்டுகள் என்று சொல்லப்பட்டது சில மணி நேரமாகச் சுருங்கியது.

இதனால் கூகுள் ஆய்வாளர்களின் சாதனை பொய்யாகிவிடவில்லை. 53 கியூபிட்டுகளைக் கட்டுப்படுத்தி ஒரு கணக்கை நடத்தியது மாபெரும் பொறியியல் வெற்றியே. ஆனால், '10,000 ஆண்டுகள்' என்பது அன்று அறியப்பட்டிருந்த வழக்கமான நெறிமுறையைக் கொண்டு செய்த மதிப்பீடு. நெறிமுறை மேம்பட்டபோது மதிப்பீடும் மாறியது. ஓட்டப் பந்தயத்தில் எதிராளி நின்ற இடத்திலேயே நிற்பதில்லை, அவரும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

2023 சூனில் ஐபிஎம் நிறுவனமே இதே பாடத்தைக் கற்றது. 127 கியூபிட்டுகள் கொண்ட தன் கணினியால், காந்தப் பொருளின் இயல்பைக் கணிக்கும் ஒரு பணியைச் செய்து அது ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. சில வாரங்களுக்குள் பல்வேறு ஆய்வுக் குழுக்கள் வழக்கமான கணினிகளாலேயே அவ்விடைகளைப் பெற்றுக் காட்டின.

பதினெட்டு வயதில் ஒரு கண்டுபிடிப்பு

இப்போட்டியில் மாணவர்க்கும் இடம் உண்டு என்பதற்கு ஈவின் டாங் சான்று. முன்பு வாங்கிய பொருள்களை வைத்து, ஒருவர் அடுத்து எதை விரும்புவார் எனக் கணிக்கும் பரிந்துரைக் கணக்குகள் இணையக் கடைகளில் பயன்படுகின்றன. 2016ஆம் ஆண்டு இயோர்டானிஸ் கெரெனிடிஸ், அனுபம் பிரகாஷ் என்னும் இருவர் இக்கணக்குக்குக் குவாண்டம் நெறிமுறை ஒன்றை வகுத்தனர். அது அன்று அறியப்பட்டிருந்த வழக்கமான நெறிமுறைகள் அனைத்தையும்விடப் பன்மடங்கு வேகமானது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஈவின் டாங்கிடம் பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் ஒரு பணியை ஒப்படைத்தார். வழக்கமான கணினியால் இந்த வேகத்தை எட்டவே முடியாது என மெய்ப்பிப்பதே அப்பணி. டாங் பல மாதங்கள் முயன்றும் மெய்ப்பு அமையவில்லை. அப்போது, எட்ட முடியும் என்பதே உண்மையாக இருந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. குவாண்டம் நெறிமுறையின் உத்திகளையே தழுவி வழக்கமான கணினிக்குரிய புதிய நெறிமுறையை அவர் 2018இல் உருவாக்கினார். வல்லுநர் அவையில் அதனை விளக்கி, அவர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு விடையளித்தபோது அவருக்கு வயது 18.

குவாண்டம் கணினியின் வெற்றி எனக் கருதப்பட்ட ஒன்றை ஒரு மாணவர் திரும்பப் பெற்றார். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியர் தந்த வினாவையே மறுபக்கமிருந்து நோக்கும் துணிவு தேவைப்பட்டது. குவாண்டம் கணினியைத் தோற்கடிக்க முயன்ற ஆய்வே வழக்கமான கணினியை மேம்படுத்தியது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

மூன்றாம் வினா: விடையைச் சரிபார்க்க முடியுமா?

பெரிய எண்ணின் காரணிகள் இவை என்று ஒரு கணினி சொன்னால், அவற்றைப் பெருக்கிப் பார்த்து உடனே சரிபார்க்கலாம். சைக்கமோர் செய்த மாதிரியெடுக்கும் பணியில் அவ்வாறு எளிதாகப் பார்க்க முடியாது. மிகப் பெரிய சுற்றுகள் தந்த விடைகளை நேரடியாகச் சரிபார்க்க இயலாமையால், சிறிய, எளிய சுற்றுகளில் கிடைத்த விடைகளைச் சரிபார்த்து, அதிலிருந்து பெரியவற்றின் நம்பகத்தன்மையை ஊகித்தனர்.

சரிபார்ப்பு இவ்வளவு இன்றியமையாததாவதற்குக் காரணம் கியூபிட்டின் மென்மை. மீக்கடத்தி வகைக் கியூபிட்டுகள் தனிச்சுழிக்கு மிக அருகில், விண்வெளியின் குளிரைவிடவும் மிகுந்த குளிரில் வைக்கப்படுகின்றன. அப்போதும் சிறிது வெப்பமோ சிறு அதிர்வோ அவற்றின் நிலையைக் குலைத்துவிடும். பிழையைத் திருத்தப் பல கியூபிட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, நம்பத்தக்க ஒரே கியூபிட்டாக இயங்கச் செய்ய வேண்டும். ஆனால், கியூபிட்டுகள் கூடும்போது பிழைகளும் கூடும். திருத்தத்தால் வரும் நன்மை, கூடுதல் கியூபிட்டுகளால் வரும் பிழையை விஞ்ச வேண்டும்.

2024 திசம்பரில் கூகுள் அறிவித்த 'வில்லோ' என்னும் 105 கியூபிட் சில்லில் இது நிகழ்ந்தது. கியூபிட்டுகளின் அடுக்கை 3×3, 5×5, 7×7 எனப் பெரிதாக்கியபோது ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே அறிவிப்பில், ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்த ஒரு கணக்குக்கு மீக்கணினி 1ஐத் தொடர்ந்து 25 சுழிகள் கொண்ட எண்ணிக்கையிலான ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும் என்ற மதிப்பீடும் இருந்தது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம். தலைப்புச் செய்தியில் இடம்பெற்றது அந்தப் பேரெண். ஆனால், தணிக்கையாளரின் பார்வையில் மதிப்பு மிக்கது, பாதியாகக் குறைந்த பிழையே. முன்னது பயன்பாடற்ற ஒரு சோதனைக் கணக்கைப் பற்றிய மதிப்பீடு. பின்னது அளந்து கண்ட முடிவு.

2025 அக்டோபரில் அதே சில்லைக் கொண்டு வேறொரு பணியை, 'ஃபிரான்டியர்' மீக்கணினியைவிட 13,000 மடங்கு விரைவாகச் செய்ததாகக் கூகுள் அறிவித்தது. மற்றொரு குவாண்டம் கணினியில் அதே பணியைச் செய்து இவ்விடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு. மூன்றாம் வினாவை ஆய்வாளர்களும் தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர் என்பதை இது காட்டுகிறது.

இன்றே தேவைப்படும் முன்னெச்சரிக்கை

கைப்பேசியால் பணம் செலுத்தும்போதும், வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டே இணையத்தில் செல்கின்றன. அம்மறையாக்கத்தின் பெரும்பகுதி, பெரிய எண்ணைக் காரணிப்படுத்துதல் போன்ற கடினக் கணக்குகளையே பூட்டாகக் கொண்டுள்ளது. பரவலாகப் பயன்படும் ஒரு பூட்டின் எண் 617 இலக்கங்கள் கொண்டது. ஷோரின் நெறிமுறை அப்பூட்டுக்கான சாவி.

இச்சாவியை இயக்கும் கணினி இன்று இல்லை. அதற்கு 2 கோடி கியூபிட்டுகளும் 8 மணி நேரமும் தேவைப்படும் என்று 2019இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நெறிமுறை மேம்பட்டதால், பத்து இலட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகளைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் முடியலாம் என 2025இல் மதிப்பீடு மாறியது. வில்லோவின் 105 கியூபிட்டுகளோடு ஒப்பிட்டால் இதுவும் மிகத் தொலைவே. ஆயினும், தொலைவு குறைந்துவருகிறது.

இன்று மறையாக்கம் செய்து அனுப்பப்படும் செய்தியை ஒருவர் நகலெடுத்துச் சேமித்து வைத்து, குவாண்டம் கணினி வந்தபின் திறந்து படிக்கக்கூடும். ஒருவரின் மருத்துவக் குறிப்பும், ஒரு நாட்டின் பாதுகாப்புச் செய்தியும் பல பத்தாண்டுகள் மறைவாக இருக்க வேண்டியவை. எனவே, சாவி செய்யப்படும் முன்பே பூட்டை மாற்ற வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் குவாண்டம் கணினியாலும் உடைத்தற்கரிய மூன்று மறையாக்கத் தரநிலைகளை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவை வழக்கமான கணினிகளிலேயே இயங்குவன.

இந்தியாவின் முயற்சி

இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்து, 2030-31 வரையிலான காலத்துக்கு ₹6,003.65 கோடி ஒதுக்கியது. 50 முதல் 1,000 கியூபிட்டுகள் வரையிலான கணினிகளை உருவாக்குவது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. இவ்வியக்கத்தின் நான்கு மையங்களுள் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்துள்ளது. 2022ஆம் ஆண்டே இக்கழகம் ஐபிஎம் நிறுவனத்தின் குவாண்டம் வலையமைப்பில் இணைந்தது. அவ்வாறு இணைந்த முதல் இந்தியக் கல்வி நிறுவனம் இதுவே.

2024 ஆகஸ்டில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் புனே ஆய்வகமும் இணைந்து 6 கியூபிட் செயலி ஒன்றைச் சோதித்து முடித்தன. 105க்கு எதிரே 6 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும் சில்லைச் செய்தல், குளிர்வித்தல், இயக்குதல், அளத்தல் ஆகிய படிகளை நம் நாட்டிலேயே கற்றறிவது அடித்தளம் இடுவதாகும். எண்ணை மட்டும் கண்டு இகழ்வதும் எண்ணை மட்டும் கண்டு வியப்பதும் ஒரே வகைப் பிழை.

அளவுகோல் கையில் இருந்தால்

குவாண்டம் கணினி வழக்கமான கணினியை விஞ்சுமா என்னும் வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. இந்தப் பணியில், இந்த நெறிமுறையோடு ஒப்பிடும்போது, இவ்வாறு சரிபார்க்கப்பட்ட அளவில் விஞ்சியது என்றே கூற முடியும். அவ்வாறு கூறும்போது வெற்றியின் பெருமை குறைவதில்லை, அது நம்பத்தக்கதாகிறது.

வத்திராயிருப்பில் பிறந்த ஒருவர், ஒளியின் நிறத்தில் ஏற்பட்ட நுண்ணிய மாற்றத்தைக் கண்டறியும் ஆய்வில் பங்கேற்று உலக அறிவியலுக்குத் தொண்டாற்றினார். டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஒருவர், எந்தக் கணக்கையும் கேள்வி கேட்டே ஏற்றார். புதியதைக் காணும் கண்ணும் கண்டதை எடைபோடும் மனமும் ஒருங்கே வாய்க்கும்போது அறிவியல் வளர்கிறது. அடுத்த முறை 'குவாண்டம் கணினி வென்றது' என்னும் செய்தி வரும்போது, மூன்று வினாக்களோடு அதனைப் படிக்கும் மாணவர் அச்செய்தியை எழுதியவரினும் மிகுதியாக அறிந்துகொள்வர்.

தெரிந்து தெளிவோம்

பிட் – 0 அல்லது 1 என்னும் ஒரு நிலையை மட்டும் கொள்ளும் தரவின் சிற்றலகு.
கியூபிட் – இரு நிலைகளும் கலந்திருக்க வல்ல குவாண்டம் அலகு.
வீச்சு – கலவையில் ஒரு நிலையின் பங்கைக் குறிக்கும் எண். நேர்க்குறியும் எதிர்க்குறியும் கொள்ளும்.
நெறிமுறை – கணக்கைத் தீர்க்கும் படிகளின் வரிசை.
மறையாக்கம் – உரியவர் அன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மாற்றுதல்.

கற்பவை கற்றபின்...

1. 'வென்றது', 'முறியடித்தது', 'விஞ்சியது' ஆகிய சொற்கள் இடம்பெற்ற அறிவியல் செய்தி ஒன்றை நாளிதழிலிருந்து திரட்டி, இப்பாடம் கூறும் மூன்று வினாக்களைக் கொண்டு மதிப்பிட்டு வகுப்பில் உரையாடுக.
2. உங்கள் ஊரில் கணினியால் நடைபெறும் பத்துப் பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் குவாண்டம் கணினி தேவைப்படுபவை உண்டா எனக் காரணத்துடன் எழுதுக.

வினாக்கள்

1. மேற்பொருந்துதல் என்பது யாது?
2. குரோவரின் தேடல் நெறிமுறை எல்லாப் பட்டியல்களுக்கும் பொருந்தாமைக்குரிய காரணங்களை விளக்குக.
3. '10,000 ஆண்டுகள்' என்னும் மதிப்பீடு மாறியது ஏன்?
4. சாவி செய்யப்படும் முன்பே பூட்டை மாற்ற வேண்டும் – பாடக் கருத்தின் வழி நிறுவுக.
5. குவாண்டம் கணினியின் வெற்றியை அளக்கும் மூன்று வினாக்களைத் தக்க சான்றுகளுடன் கட்டுரையாக்குக.